இடையில் நிறுத்தினால் தண்டமா? – தொலைபேசி, இணைய ஒப்பந்தங்கள் பற்றி ஒரு பாடம்

2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டு, பிள்ளைகள் போனைப் பார்த்துப் படிக்க வேண்டிய நிலை வந்தது. அன்று முதல் நம் தோட்டங்களில் 'டேட்டா' என்பது அரிசி, மாவு போல ஒரு வீட்டுச் செலவாகிவிட்டது. பலர் ரீலோட் போட்டுப் பேசும் சிம் வைத்திருக்கிறோம். அதில் கட்டுப்பாடு ஒன்றுமில்லை. காசு இருந்தால் போடுகிறோம்; இல்லாவிட்டால் விடுகிறோம்.

ஆனால் மாதம் மாதம் பில் வரும் இணைப்பு அப்படியல்ல. வீட்டுக்கு ரவுட்டர் எடுக்கும்போதும், தவணைக்குப் போன் எடுக்கும்போதும் ஒரு படிவத்தில் கையொப்பம் வைக்கிறோம். அந்தப் படிவத்தில், "இத்தனை மாதம் கட்டாயம் வைத்திருக்க வேண்டும், இடையில் நிறுத்தினால் இவ்வளவு கட்ட வேண்டும்" என்று ஒரு நிபந்தனை இருக்கலாம். அந்தக் காசைத்தான் இந்தப் பாடத்தில் இடைநிறுத்தக் கட்டணம் என்கிறோம். இது நியாயமா, அநியாயமா என்று ஆராய்ந்து பார்ப்போம்.

கம்பனி ஏன் கேட்கிறது?

முதலில் கம்பனியின் பக்கத்தையும் கேட்க வேண்டும். ரவுட்டரை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ கொடுத்தால், அதன் விலையை மாத பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கம்பனி எடுக்கிறது. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பொருத்திக் கொடுத்தால் அதற்கும் செலவு உண்டு. ஒருவர் விலை கூடிய போனைக் குறைந்த காசுக்கு எடுத்து, இரண்டாம் மாதமே "எனக்கு வேணாம்" என்றால், போன் அவர் கையில். நட்டம் கம்பனி தலையில். ஆகவே, கொடுத்த பொருளின் மிச்ச விலையைக் கேட்பது தவறல்ல. வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பதும் சரிதான்.

எங்கே அநியாயம் தொடங்குகிறது?

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். சாக்கின் பாரத்துக்காக ஒரு அளவு கழிக்கிறார்கள். சாக்கு எவ்வளவு பாரமோ அவ்வளவு கழித்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஒரு கிலோ சாக்குக்கு மூன்று கிலோ கழித்தால், "இது என்னங்க கணக்கு?" என்று கேட்போம். இடைநிறுத்தக் கட்டணமும் அப்படித்தான். கழிப்பது குற்றமல்ல, எதற்காக, எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதே கேள்வி.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். இவை உதாரணத்துக்கு வைத்த தொகைகள். ரவுட்டரின் விலை 12,000 ரூபா. ஒப்பந்தம் 24 மாதம். மாத பில் 2,000 ரூபா. ரவுட்டர் விலையை 24ஆல் பிரித்தால் மாதம் 500 ரூபா.

ஒரு குடும்பம் 18 மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்துகிறது என்று வைப்போம். கம்பனி மூன்று விதமாகக் காசு கேட்கலாம்:

1. எப்போது நிறுத்தினாலும் ஒரே தொகை, 12,000 ரூபா.
2. மிச்சமுள்ள 6 மாத பில் முழுவதும், அதாவது 6 x 2,000 = 12,000 ரூபா.
3. ரவுட்டர் விலையில் மிச்சமுள்ள பங்கு மட்டும், அதாவது 6 x 500 = 3,000 ரூபா.

முதல் முறையில், 18 மாதம் கட்டியவரும் முதல் மாதமே விட்டவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். ஏற்கெனவே கட்டிய 9,000 ரூபா எங்கே போனது? இரண்டாம் முறையில், கொடுக்காத சேவைக்கும் காசு கேட்கப்படுகிறது. அந்த 6 மாதமும் நாம் இணையம் பாவிக்கப் போவதில்லை. அந்தச் செலவு கம்பனிக்கு மிச்சம். இதே குடும்பம் 6ஆம் மாதத்திலேயே நிறுத்தியிருந்தால், இந்த முறைப்படி 36,000 ரூபா கட்ட வேண்டும். மூன்றாவது முறையில்தான் நட்டத்துக்கும் கட்டணத்துக்கும் தொடர்பு இருக்கிறது. ரவுட்டரையும் திருப்பி வாங்கிக்கொண்டு அதன் விலையையும் கேட்டால், அது ஒரே சாக்குக்கு இரண்டு முறை கழிப்பது போல.

மற்ற நாடுகளில் எப்படி?

கனடாவில் கையடக்கத் தொலைபேசிகளுக்கு 2013 டிசம்பரில் ஒரு விதிமுறை நடைமுறைக்கு வந்தது. மானிய விலையில் போன் கொடுத்திருந்தால், கம்பனி கேட்கும் கட்டணம் அந்த மானியத் தொகையைத் தாண்டக்கூடாது. அதுவும் மாதா மாதம் சம அளவில் குறைந்து, 24 மாதத்தில் ஒன்றுமில்லாமல் போக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இயற்றிய தொலைத்தொடர்புச் சட்டக் கோவை, வீட்டுப் பாவனையாளரை 24 மாதத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்டி வைக்கக்கூடாது என்கிறது. காலம் முடிந்து ஒப்பந்தம் தானாக நீடித்தால், ஒரு மாத அறிவித்தலுக்கு மேல் கேட்காமல், தண்டமில்லாமல் விட வேண்டும். கம்பனி தன் இஷ்டத்துக்கு நிபந்தனையை மாற்றி அது பாவனையாளருக்குப் பாதகமானால், அப்போதும் தண்டமில்லாமல் விலகலாம். சொன்ன தரத்துக்கும் கிடைக்கும் சேவைக்கும் பெரிய வித்தியாசம் தொடர்ந்து இருந்தாலும் விலகும் உரிமை உண்டு. இப்படி உரிமையோடு விலகுகிறவர் போனையோ ரவுட்டரையோ தானே வைத்துக்கொண்டால் மட்டும், அதன் மிச்ச விலை, மிச்ச பில் ஆகிய இரண்டில் குறைந்ததற்கு மேல் அவரிடம் கேட்கக்கூடாது. நம் கணக்கில் அது 3,000 ரூபா.

இவை நமது நாட்டுச் சட்டங்கள் அல்ல. "கனடாவில அப்படி" என்று சொன்னால் கவுன்டரில் இருப்பவர் ஏற்கமாட்டார். ஆனால் எது நியாயம் என்று அளந்து பார்க்க இவை நல்ல அளவுகோல்.

நமக்குப் புதிதல்ல

விலகிப் போக விலை கேட்பது மலையகத்துக்குப் பழைய கதை. நம் முன்னோர் காலத்தில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதென்றால், அவர் பேரில் உள்ள கடனைத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அந்தக் கடனைக் கட்டினால்தான் விடுதலை. புதிய தோட்டம் கட்டினாலும் கடன் தீராது. அவரோடு கூடவே போகும். 1921இல் சட்டம் கொண்டுவந்துதான் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. ஒரு ரவுட்டர் ஒப்பந்தத்தை அந்தக் கொடுமையோடு ஒப்பிட முடியாது. ஆனால் படிப்பினை ஒன்று உண்டு: வரும் வாசலை மட்டும் பார்த்தால் போதாது, போகும் வாசலையும் பார்க்க வேண்டும்.

கையொப்பம் வைக்குமுன் கேட்க வேண்டியவை

* எத்தனை மாதம் வைத்திருக்க வேண்டும்?
* "இடையில நிறுத்தினா எவ்வளவு கட்டணும்? மாசா மாசம் அது குறையுமா?" பதிலை எழுத்தில் கேளுங்கள்.
* ரவுட்டர் யாருக்குச் சொந்தம்? திருப்பிக் கொடுத்தால் கட்டணம் குறையுமா?
* நம் லயத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் தண்டமில்லாமல் விடலாமா? மலைக்கு அந்தப் பக்கம் கிடைக்கும் சிக்னல் இந்தப் பக்கம் கிடைக்காது. பக்கத்து வீட்டில் அதே கம்பனியின் சிம் இருந்தால், வாங்குமுன் நம் வீட்டுக்குள்ளேயே போட்டுப் பாருங்கள்.
* வேறு தோட்டத்துக்கோ கொழும்புக்கோ குடிபோனால் என்ன நடக்கும்?
* படிவம் ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். படித்த பிள்ளை ஒன்றை, அல்லது ஆசிரியர் ஒருவரைக் கூட்டிப் போவதில் வெட்கமில்லை.

கையொப்பமிட்ட படிவத்தின் பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கி, அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ் வைக்கும் பையிலேயே வையுங்கள்.

நிறுத்த வேண்டி வந்தால்

பில் கட்டாமல் சும்மா விட்டுவிடாதீர்கள். "லைன் தானா வெட்டுப்படும்" என்று இருந்தால் நிலுவை ஏறும். பிறகு சட்டத்தரணியின் கடிதம்கூட வரலாம். முறையாக எழுத்தில் நிறுத்துங்கள். கடிதம் இப்படிச் சுருக்கமாக இருந்தால் போதும்:

"எனது இணைப்பு இலக்கம் .......... . இதனை .......... திகதி முதல் நிறுத்த விரும்புகிறேன். காரணம்: .......... . நான் .......... மாதக் கட்டணம் செலுத்தியுள்ளேன். நான் கட்ட வேண்டிய தொகை இருந்தால், அது எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதை எழுத்தில் அறியத் தரவும்."

கடைசி வரிதான் முக்கியம். எப்படிக் கணக்கிட்டார்கள் என்று காட்ட வேண்டி வந்தால், கூட்டிக் கேட்ட தொகை குறையவும் இடமுண்டு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். ரவுட்டரைத் திருப்பிக் கொடுத்தால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். சிக்னல் பிரச்சினை என்றால், எந்தெந்த நாளில் முறையிட்டீர்கள் என்பதையும் அவர்கள் தந்த முறைப்பாட்டு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

கம்பனி சரியான பதில் தராவிட்டால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கும் முறையிடலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1977. அதிகார சபைக்குச் செய்யும் முறைப்பாடு எழுத்தில், பொருளையோ சேவையையோ பெற்று மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஆகவே நாளைக் கடத்தாதீர்கள்.

நமது முடிவு

இடைநிறுத்தக் கட்டணம் எல்லாம் அநியாயம் என்று நாம் சொல்லவில்லை. கம்பனிக்கு வந்த உண்மையான நட்டத்தின் அளவில், முன்பே விளங்கச் சொல்லி, மாதா மாதம் குறைந்து வந்தால் அது நியாயம். சேவை ஒழுங்காகக் கிடைக்காதபோதும், பாவனையாளருக்கு விளங்காத பாஷையில் ஒளித்து வைத்திருக்கும்போதும், பயமுறுத்திக் கட்டி வைக்கும் அளவு பெரிதாக இருக்கும்போதும் அது அநியாயம். மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்டுச் சேர்த்த பல நாள் பேர் அந்த ஒரு கையொப்பத்தில் போகலாம். கேட்டு விளங்கிக் கையொப்பமிடுவது நமது உரிமை.

மாதர் சங்கத்திலும் இளைஞர் கழகத்திலும் கலந்துரையாட:

1. நம் தோட்டத்தில் பில் வரும் இணைப்பு எத்தனை வீட்டில் உண்டு? எத்தனை பேரிடம் படிவத்தின் பிரதி இருக்கிறது?
2. மேலே உள்ள கணக்கில் 10ஆம் மாதத்தில் நிறுத்தினால், மூன்று முறையிலும் எவ்வளவு வரும்? (விடை: 12,000, 28,000, 7,000 ரூபா.)
3. குடும்பத் தலைவர் இறந்துபோனால், அவர் பேரில் உள்ள இணைப்புக்குத் தண்டம் கேட்பது நியாயமா? ஏன்?