மூன்றாவது கிளை

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. சாண எரிவாயுக் கலனின் நுண்ணுயிர்களைப் புராஜெக்டாக எடுத்துக்கொண்டதில் எனக்கு மகிழ்ச்சி. ‘ஆர்க்கியா என்றால் உப்பளத்திலும் வெந்நீர் ஊற்றிலும் வாழும் ஒருவகை பாக்டீரியாதானே மாமா, அதற்கு ஏன் தனி அத்தியாயம்?’ என்று கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் இரண்டு தவறு! இருப்பிடம் முதல் தவறு. கடல்நீர், வயல் மண், மாட்டின் இரைப்பை, நம் குடல் என எங்கும் ஆர்க்கியா உண்டு. உன் கலனில் மீத்தேனை உண்டாக்குவதும் அவைதான். பாக்டீரியாக்கள் சாணத்தைச் சிதைத்துக் கொடுப்பதோடு சரி.

அவற்றை பாக்டீரியா என்று சொன்ன இரண்டாவது தவறை 1977 வரை பெரிய பேராசிரியர்களே செய்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வோஸ் என்பவர், நுண்ணுயிர்களுக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸைக் கொடுத்து வளர்த்து, அவற்றின் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, நொதியால் துண்டாடி, பிலிமில் கரும்புள்ளிகளாகப் பதிய வைப்பார். பிறகு பிலிமை விளக்குப் பலகையில் வைத்து ஒவ்வொரு புள்ளியாகப் படிப்பார். ஆண்டுக்கணக்கில் இதே வேலை. அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வுல்ஃப் மீத்தேன் நுண்ணுயிர்களை வளர்த்துவந்தார். 1976இல் அவற்றில் ஒன்றைப் படித்தபோது, பாக்டீரியா என்றால் இருந்தே ஆகவேண்டிய துண்டுகளைக் காணோம். பிரித்தெடுத்ததில் ஏதோ கோளாறு என்று நினைத்து மறுபடி செய்தார்கள். மறுபடியும் அதே முடிவு.

இவை பாக்டீரியாவே அல்ல, தனிக் கிளை என்று ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து வோஸ் கட்டுரை எழுதினார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. உடனே நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா வுல்ஃபைத் தொலைபேசியில் பிடித்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள், உன் எதிர்காலமே பாழாகிவிடும் என்று கடிந்துகொண்டார். தரவு அச்சில் இருக்கிறது, பாருங்கள் என்றார் வுல்ஃப். கயல், பெரியவர் ஒருவர் உன் முடிவைப் பழிக்கும்போது அதே பதிலைச் சொல்லும் நிலையில் நீ இருக்க வேண்டும். அதற்கு அந்த இரண்டாம் முறைச் சோதனை அவசியம்.

நுண்ணோக்கியில் பார்த்தால் ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் ஒன்றுபோலத்தான் தெரியும்: கோல், உருண்டை, உட்கரு கிடையாது. ஒரே நிறச் சட்டை போட்டவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள் ஆகிவிடுவார்களா? பாக்டீரியாவின் செல்சவ்வில் கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பில் இருக்கும். ஆர்க்கியாவில் கிளைவிட்ட ஐசோப்ரினாய்டு சங்கிலிகள் ஈதர் பிணைப்பில் இருக்கும். செல்சுவரில் பெப்டிடோகிளைக்கான் இல்லாததால் பென்சிலின் அவற்றிடம் பலிக்காது. ஆனால் டி.என்.ஏ.வைப் படித்து ஆர்.என்.ஏ. எழுதும் நொதியோ நம் செல்லில் இருப்பதை ஒத்தது. தொண்டை அடைப்பான் நோயின் நச்சு நம் புரத உற்பத்தியை நிறுத்துவதுபோலவே ஆர்க்கியாவுடையதையும் நிறுத்தும். பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது.

1990இல் வோஸ், கேண்ட்லர், வீலிஸ் மூவரும் முன்வைத்த பாக்டீரியா, ஆர்க்கியா, உட்கரு உள்ள உயிர்கள் என்ற மூன்று பெரும்பிரிவுகள்தாம் இன்று உன் பாடநூலில் இருப்பவை. தேர்வில் அதையே எழுது. ஆனால் சண்டை ஓயவில்லை. 2015இல் ஆர்க்டிக் கடலடிச் சேற்றில் லோகி ஆர்க்கியா என்ற ஒருவகை ஆர்க்கியாவின் மரபுத் தடயம் கிடைத்தது. உட்கரு உள்ள செல்களுக்கே உரியவை என்று நினைத்திருந்த மரபணுக்கள் அதில் இருந்தன. அதன் உறவுக்கார உயிர் ஒன்றைப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் போராடி ஆய்வகத்தில் வளர்த்து, 2020இல் ஜப்பானியர்கள் அறிவித்தார்கள். நாம் ஆர்க்கியாவின் கிளையிலிருந்தே முளைத்தவர்கள் என்றால் பிரிவுகள் இரண்டாகக் குறையும். அந்தக் கட்சியின் கையே இப்போது ஓங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது.

உன் துறையில் ஒளிர்வு நுண்ணோக்கி இருந்தால் கேட்டு வாங்கு. கலனின் கரைசலை ஒரு சொட்டு வைத்து, 420 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சு. மீத்தேன் ஆர்க்கியாவில் உள்ள எஃப்420 என்ற துணைநொதி நீலப்பச்சையாக ஒளிரும். மங்கலாக ஒளிர்பவையும் உண்டு. எனவே ஒளிராததையெல்லாம் பாக்டீரியா என்று எழுதிவிடாதே. அந்த ஒளி சீக்கிரம் மங்கிவிடும், கேமராவை முதலிலேயே தயாராக வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா