ஏரிக்கரைக்குக் கீழே வீடு வேண்டாம், தம்பி

அன்பு மருமகனுக்கு,

வேலையை விட்டுவிட்டுக் காட்டுமன்னார்கோயிலுக்கே வந்துவிடப் போகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு நிறைந்துபோயிற்று. கூடவே அனுப்பியிருந்த மனை வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. பணம் நீ சம்பாதித்தது, முடிவும் உன்னுடையதுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். பிறகு நீயும் உன் மனைவியும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள்.

நம் ஊரைப் பற்றி நீ பெருமைப்படுவதில் ஒரு குறையும் இல்லை. பத்தாம் நூற்றாண்டுப் பராந்தக சோழன் காலத்து ஏரி. அவனுடைய வீரநாராயணன் என்ற பட்டப்பெயர்தான் இன்று வீராணம் என்று வழங்குகிறது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தைத் தேடித் தொகுத்த நாதமுனிகளும் அவர் பேரன் ஆளவந்தாரும் பிறந்த ஊர். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் சொத்தைப் பறித்த செய்தி உடையார்குடிக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். ‘பொன்னியின் செல்வன்’ தொடங்குவதே இந்தக் கரையில்தான் என்று வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். கதை ஆடிப் பதினெட்டில் தொடங்குகிறது. குடியிருக்க வருகிறவன் ஐப்பசி கார்த்திகையையும் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை வரும்போது காரில் உட்கார்ந்தபடி பார்க்காதே. கரையில் இறங்கி நில். மேற்கே தண்ணீர், கிழக்கே வயல். இரண்டு பக்கமும் குனிந்து பார். ஏரி நிறைந்திருக்கும்போது தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு கீழே வயல் கிடக்கிறது என்று உன் கண்ணுக்கே தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும். மதகைத் தூக்கினால் தண்ணீர் தானாக இறங்கிப் பாய்வதற்காகவே முன்னோர்கள் அப்படி வைத்தார்கள். நாற்பத்து நாலாயிரம் ஏக்கருக்கு மேல் இந்த ஏரியை நம்பி இருக்கிறது. ‘ஏரியைப் பார்த்த மனை’ என்று உனக்குக் காட்டியிருக்கிறார்களே, அது கரைக்குக் கீழே இருக்கிற நஞ்சை. அங்கே வீடு கட்டினால் மொட்டை மாடி ஏறினால்தான் ஏரி தெரியும். தண்ணீருக்கு மட்டும் உன் வீடு நன்றாகத் தெரியும்.

ஏரி நிரம்பிய மட்டம் 47.5 அடி. கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருவது ஒரு பக்கம். வடகிழக்குப் பருவமழை பிடித்தால் அரியலூர்ப் பக்கத்திலிருந்து செங்கால் ஓடையும் கருவாட்டு ஓடையும் கொண்டுவந்து கொட்டுவது இன்னொரு பக்கம். கரையைக் காப்பாற்ற வெள்ளியங்கால் ஓடையில் திறந்துவிட்டுத்தான் ஆக வேண்டும். 2005-லும் 2015-லும் பட்டதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஃபோனில் நீயே அழுதாய். வயலில் அந்தத் தண்ணீர் நாலு நாளில் வடிந்துவிடும், பயிர் போனால் அடுத்த போகம் உண்டு. வீட்டுக்குள் நுழைந்த தண்ணீருக்கு அடுத்த போகம் எது?

இதையும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டு பேச எனக்கு வராது. அந்த மனைப்பிரிவின் வடக்குப் பாதி நம்முடைய நிலம். உன் அப்பா விற்றதுதான். வாங்கியவர் பயிர் வைப்பார் என்று சொல்லி என்னிடம் கையெழுத்து வாங்கினார். இரண்டு போகம்கூட வைக்கவில்லை, கல் நட்டுவிட்டார்கள். உன் தாத்தா சேறு வாரிய கிளை வாய்க்காலை மண் போட்டு மூடி, அதன்மேல்தான் முப்பதடி ரோடு போட்டிருக்கிறார்கள். அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார், அவரைக் குறை சொல்லி இனி என்ன. ஆனால் அந்த வாய்க்கால் அடைபட்டதால் கீழே இருக்கிற நாலு குடும்பத்துக்குத் தண்ணீர் ஏறவில்லை. அவர்கள் என்னை வழியில் பார்த்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நம் கையை விட்டுப் போன நெல் வயலை நீயே மனை விலைக்கு வாங்கி அதில் குளியலறை கட்டுவதை நான் எப்படிப் பார்ப்பேன்? விளைகிற பூமியில் வீடு கட்டாதே என்பது என் அப்பா எனக்குச் சொன்னது. சாகிறவரை நானும் சொல்வேன்.

ஒப்புதல் எண் இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். அது மட்டும் போதாது. புல வரைபடம் வாங்கிப் பார், வாய்க்கால் எங்கே ஓடியது என்று அதில் கோடு இருக்கும். ‘அ’ பதிவேட்டில் நஞ்சையா, நீர்நிலைப் புறம்போக்கு ஒட்டி வருகிறதா என்று பார். வில்லங்கச் சான்று அப்புறம்.

உன் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து ஒரு வருஷம் ஆகவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கும் ரயிலுக்கும் சிதம்பரம்தான், சுமார் 25 கிலோமீட்டர். கடைத்தெருப் பக்கம் இருந்தால் ராத்திரி கதவைத் தட்ட ஆள் உண்டு, ஆட்டோ உண்டு. வயலுக்கு நடுவில், இன்னும் யாரும் குடிவராத மனையில், மழை ராத்திரியில் அவள் ஒருத்தி உன்னை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

ஆகவே கேள். கோயில் பக்கத்துப் பழைய தெருவில் ஒரு வீடு வாடகைக்குப் பார்க்கிறேன். வெள்ளம் வந்தால் எந்தப் படிவரை வரும் என்று அங்கே இருப்பவர்களுக்கு மனப்பாடம். ஒரு வருஷம் இருங்கள். சித்திரையில் ஏரி வறண்டு வெடித்துக் கிடப்பதையும் பார்க்கணும், சென்னைக்குக் குழாயில் போகிற தண்ணீருக்கும் சம்பாவுக்கும் நடுவில் இங்கே விவசாயி தவிப்பதையும் பார்க்கணும், கார்த்திகைக் கொசுவையும் பார்க்கணும். அதற்கப்புறமும் அந்த மனைதான் வேண்டும் என்றால் வாங்கிக்கொள். நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

நிறைய எழுதிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. நீ வருகிறாய் என்பதே எனக்குப் பெரிய கொடுப்பினை. உன் அம்மா கையால் சாப்பிட்ட பிள்ளை, என் கையால் சாப்பிட மாட்டாயா? விரால் குழம்பு வைப்பேன், லால்பேட்டை வெற்றிலை வாங்கி வைப்பேன், அவளுக்குப் பிடித்த முறுக்கு சுட்டு டப்பா நிறைய வைப்பேன். வாடகை முன்பணத்தை நானே கொடுத்துவிடுகிறேன், நீ அதைத் திருப்பித் தரவே கூடாது. நீ எங்கே வீடு கட்டினாலும் பால் காய்ச்சுகிற அன்று முதல் ஆளாக வந்து நிற்பேன். தேதி மட்டும் சொல், பஸ் ஸ்டாண்டுக்கு நானே வருகிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
அத்தை