கருவி பழுதானால் யாருக்குத் தெரியும்?



ஆஸ்பத்திரிக்குப் புதிய கருவி வரும்போது, "இது என்ன செய்யும்?" என்று கேட்கிறோம். "இது கெட்டுப்போனால் நமக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பவர் சிலரே. அப்படிக் கேட்கும் முறை ஒன்றை 1949-இல் அமெரிக்க இராணுவத்துறை எழுத்தில் வகுத்தது. அதன் சாரம் மூன்று கேள்விகள்:

1. இந்தப் பாகம் எந்தெந்த விதமாகப் பழுதாகலாம்?
2. அப்பழுது முழுக் கருவியையும் எப்படிப் பாதிக்கும்?
3. அருகில் நிற்பவர் அப்போது எந்த அறிகுறியைக் காண்பார்?

ஆக்ஸிஜன் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். வாயு கசிந்தால் மீட்டர் முள் இறங்கும். நர்ஸ் கவனித்து வேறு சிலிண்டரை மாற்றுவார். முள்ளே ஓரிடத்தில் சிக்கிக்கொண்டாலோ, சிலிண்டர் காலியான பின்னும் "நிறைவு" என்றே காட்டும். முதல் பழுது தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. இரண்டாவது பொய் சொல்லுகிறது. ஆகவே இரண்டாவதே அதிக ஆபத்தானது.

தெராக்-25 என்பது கனடாவில் செய்யப்பட்ட புற்றுநோய்க் கதிர்வீச்சுக் கருவி. முந்தைய மாதிரியில் தனியே இயங்கிய பாதுகாப்புத் தடைகள் இதில் இல்லை. அவ்வேலை கம்ப்யூட்டர் புரோகிராமிடம் விடப்பட்டது. 1983-இல் நடந்த பாதுகாப்பு ஆய்வோ புரோகிராமின் பிழைகளைக் கணக்கில் சேர்க்கவில்லை. 1985 முதல் 1987 வரை ஆறு நோயாளிகள் மிதமிஞ்சிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள்.

1986 மார்ச்சில் டெக்சாஸில், இயக்குபவர் தவறாகத் தட்டிய ஓர் எழுத்தை விரைவாகத் திருத்தினார். கருவி அத்திருத்தத்தை முழுமையாக ஏற்கவில்லை. திரையில் "கோளாறு 54" என்று மட்டும் வந்தது. கொடுத்த கதிர்வீச்சு மிகக் குறைவு என்றும் காட்டியது. இத்தகைய செய்திகள் அடிக்கடி வருபவை. ஆகவே அவர் தொடரும் விசையை அழுத்தினார். நோயாளி இரண்டாம் முறையும் தாக்கப்பட்டார். அறைக்குள் இருந்தவரைக் காட்டும் கேமராவும், குரலைக் கொண்டுவரும் கருவியும் அன்று இயங்கவில்லை. ஐந்து மாதங்களில் அவர் மரித்தார். ஏப்ரலில் அதே மருத்துவமனையில் இன்னொருவருக்கும் அவ்வாறே நேர்ந்தது. அதன் பின்பு மருத்துவமனை இயற்பியலாளரும் இயக்குபவரும் விசைகளைத் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்த்து, பிழை எப்போது எழுகிறது என்று கண்டறிந்தார்கள்.

இயக்குபவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் கண்ட அறிகுறி உண்மைக்கு நேர்மாறானது அல்லவா? மூன்றாம் கேள்வியை முன்னரே கேட்டிருக்க வேண்டியவர்கள் கருவியைச் செய்தவர்கள்.

சிந்திக்க: உங்கள் வீட்டிலோ வேலையிடத்திலோ நீங்கள் நம்பியிருக்கும் ஒரு கருவி பழுதானால் நின்றுவிடுமா, அல்லது எல்லாம் நலம் என்றே காட்டிக்கொண்டிருக்குமா?