பழைய பட்டறைக்கல் வாங்குகிறீர்களா? பார்த்து, தட்டி, எடை போட்டு வாங்க 12 குறிப்புகள்

கொல்லர் பட்டறை மூடிய எத்தனையோ வீடுகளில், தாத்தா காலத்துப் பட்டறைக்கல் மட்டும் இன்னும் கொல்லைப்புறத்தில் கிடக்கிறது. சில ஊர்களில் இதை அடைகல் என்பார்கள், சிலர் பட்டடை என்பார்கள். என்ன கல் என்று தெரியாமல் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறவர்கள் ஒருபுறம், ஒன்றுக்கும் உதவாத வார்ப்பிரும்பை நல்ல கல் என்று நம்பிப் பணம் கொடுப்பவர்கள் மறுபுறம். இரண்டு நஷ்டமும் வராமலிருக்க இந்தக் குறிப்புகள்.

1. கொம்பு இல்லையே என்று ஒதுக்காதீர்கள். நம் ஊர்க் கொல்லர்களில் பலர் சதுரக் கட்டியில்தான் வேலை செய்தார்கள். ஒரு பக்கம் கொம்பும், மறுபக்கம் வாலும், வாலில் சதுரத் துளையும் வட்டத் துளையும் இருப்பது ஐரோப்பிய வடிவம். வளையம், கொக்கி செய்யக் கொம்பு வசதி. அரிவாளும் மண்வெட்டியும் அடிக்கச் சதுரக் கட்டியே தாராளம்.

2. மேல்துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாலே போய்விடும். தேய்த்த இடத்தில் சாக்பீஸ் பொடியைத் தடவி, டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணுக்குத் தெரியாமலிருந்த எழுத்தும் எண்ணும் மெல்ல எழுந்து வரும்.

3. பெயரைப் படியுங்கள். இங்கிலாந்தின் டட்லியில் செய்த பீட்டர் ரைட், ஷெஃபீல்டின் மவுஸ்ஹோல், அமெரிக்காவில் புரூக்ளினின் ஹே-பட்டன், சுவீடனின் கோல்ஸ்வா எல்லாம் பெயர் பெற்ற கற்கள். பீட்டர் ரைட் கல்லில் 'இங்கிலாந்து' என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால், அது பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. வெளிநாட்டுச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

4. மூன்று எண்கள் தனித்தனியாக இருந்தால் அது வரிசை எண் அல்ல, எடை. பழைய இங்கிலாந்துக் கற்களில் முதல் எண்ணை 112ஆலும், இரண்டாவதை 28ஆலும் பெருக்கி, மூன்றாவதை அப்படியே கூட்டினால் பவுண்டு கணக்கு வரும். '1 2 10' என்றால் 112 + 56 + 10 = 178 பவுண்டு, அதாவது சுமார் 81 கிலோ. இரண்டாவது எண் 3ஐயும், மூன்றாவது 27ஐயும் தாண்டாது. தாண்டினால் நீங்கள் தவறாகப் படித்திருக்கிறீர்கள். அமெரிக்கக் கற்களில் எடை பெரும்பாலும் நேராகப் பவுண்டிலேயே இருக்கும்.

5. எண்ணே இல்லாத சதுரக் கட்டியா? டேப்பால் அளந்து விடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 7.85ஆல் பெருக்கி, 1000ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். 15 × 15 × 30 அளவுக் கட்டி சுமார் 53 கிலோ. ஒரு கிலோ சுத்தியலுக்கு 50 கிலோ கல் என்பது கைக்கணக்கு.

6. எல்லாவற்றிலும் முக்கியம் குண்டுச் சோதனை. பேரிங் கடையில் ஒரு இன்ச் பால்ரஸ் குண்டு ஒன்று வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கல்லின் முகத்தை, அதாவது அடிக்கும் மேற்பரப்பைத் துடைத்து, 25 செ.மீ. ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, அதன் உச்சியிலிருந்து குண்டைக் கைவிடுங்கள். வீசக் கூடாது, விட வேண்டும். திரும்ப 18 செ.மீ.க்கு மேல் எழுந்தால் நல்ல எஃகு முகம். 20ஐத் தாண்டினால் அருமையான கல். 12 செ.மீ.கூட எழாமல் சோர்ந்து விழுந்தால் அது வார்ப்பிரும்பு, அல்லது பதம் போன கல். நடு, ஓரம், வால் என்று ஐந்தாறு இடத்தில் விட்டுப் பாருங்கள். குண்டு துள்ளும் அளவுக்குச் சுத்தியலும் துள்ளும். அந்தத் துள்ளல்தான் கொல்லரின் தோள்பட்டையைக் காப்பாற்றுகிறது.

7. ஓசையை மட்டும் நம்பாதீர்கள். சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும், கோல்ஸ்வா காதைத் துளைக்கும். ஆனால் கழுகுச் சின்னம் போட்ட ஃபிஷர் கல் 'டொக்' என்றுதான் சொல்லும். வார்ப்பிரும்பு உடலில் எஃகு முகம் வைத்த கல் அது. ஓசை இல்லாவிட்டாலும் வேலைக்கு உயர்ந்தது. பக்கத்து வீடுகளுக்கும் நிம்மதி.

8. முகம் பிரிந்திருக்கிறதா பாருங்கள். பழைய கற்கள் பலவற்றில், தேனிரும்பு உடலின் மேல் சுமார் அரை இன்ச் எஃகுத் தகடு பற்றவைக்கப்பட்டிருக்கும். முகம் முழுவதும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் அமுங்கினாலோ 'கரகர' என்றாலோ, அங்கே தகடு விட்டிருக்கலாம்.

9. முகத்தின் ஓரத்தில் நல்ல அரத்தை ஒருமுறை இழுங்கள். வழுக்கினால் பதம் இருக்கிறது. வெண்ணெயில் கத்தி போல இறங்கினால் பதம் போய்விட்டது. தீ விபத்தில் சிக்கிய கல் இப்படித்தான் இருக்கும்.

10. பெயின்ட் அடித்த கல் என்றால் இரட்டிப்புக் கவனம். நான் முதன்முதலில் வாங்கியது பளபளவென்று கறுப்புப் பூச்சில் இருந்தது. வீட்டில் சுரண்டிய பிறகுதான் விளிம்பு முழுக்க மக்கு வைத்து அடைத்திருந்தது தெரிந்தது. விற்பவரைக் கேட்டு, ஓரத்தில் இரண்டு விரல் அகலம் சுரண்டிப் பார்த்துவிட்டே விலை பேசுங்கள். மிஷினில் சீவிச் சமப்படுத்திய முகமும் சந்தேகத்துக்குரியது. அரை இன்ச் தகட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கும்?

11. விலையை இரண்டு எல்லைக்குள் பேசுங்கள். அன்றைய பழைய இரும்பு விலையை எடையால் பெருக்கினால் கீழ் எல்லை. அதே எடையில் எஃகு முகம் கொண்ட புதுக் கல் வீடு வந்து சேர ஆகும் செலவு மேல் எல்லை. துள்ளலும் விளிம்பும் நன்றாக இருந்தால் மேலே போங்கள். விளிம்பு உதிர்ந்திருந்தாலோ, வால் உடைந்திருந்தாலோ இறக்கிக் கேளுங்கள். நடுவில் லேசான குழி பெரிய குறையல்ல, வளைந்த கம்பியை நிமிர்த்த உதவும். தகடு விட்ட கல்லுக்குக் கீழ் எல்லையே போதும்.

12. கொண்டுவந்த பிறகு கிரைண்டரை எடுக்காதீர்கள். பிரஷ், கொஞ்சம் எண்ணெய், அவ்வளவுதான். தூக்க இரண்டு பேரும் கடப்பாரையும் வேண்டும். புளியமரக் கட்டையில் பதித்து, நின்று கையைத் தொங்கவிட்டால் மடக்கிய விரல் முட்டி தொடும் உயரத்தில் வையுங்கள். வெறும் முகத்தில் சம்மட்டியால் ஓங்கி அடிக்க வேண்டாம். எஃகுச் சில்லு தெறித்தால் கண் போய்விடும்.

உங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஒரு கல் கிடக்கிறதா? பழைய இரும்புக்காரர் வருவதற்கு முன் ஒரே ஒரு முறை அந்தக் குண்டை விட்டுப் பாருங்கள். லாரி ஏறினால் அது உலையில் உருகிக் கம்பியாகிவிடும். குண்டு துள்ளினால், அதில் அடிக்கக் காத்திருக்கும் ஒரு கை எங்கேயாவது நிச்சயம் இருக்கிறது. தேடிக் கொடுங்கள்.