திரையில் தோன்றும் வழுவும் நிரலிற் பிறக்கும் வழுவும்

ஓய்வு நேரத்திற் கணினி விளையாட்டுக்களைத் தாமே ஆக்கிப் பழகும் மாணவர் இன்று பலர். பைதன், லூவா முதலிய நிரல்மொழிகள் விலையின்றிக் கிடைத்தலின் இம்முயற்சிக்குப் பொருட்செலவு பெருந்தடையன்று. தடையாவது வழுவே. உருவம் மினுக்குகின்றது, சுவரை ஊடுருவிச் செல்கின்றது, சிலவேளை தோன்றாமலே போகின்றது. ஆர்வத்தோடு தொடங்கிய பணியை இவ்விடத்திற் கைவிடுவோர் பலர். அவர்க்குத் துணையாகும் உண்மை ஒன்றுண்டு: வழு தோன்றும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஜப்பானில் 1980ஆம் ஆண்டு வெளிவந்த பக்-மான் என்னும் விளையாட்டில் 256ஆம் கட்டத்தை அடைந்தோர், திரையின் வலப்பாதி எழுத்தும் குறியுமாய்ச் சிதைந்து கிடக்கக் கண்டனர். காண்போர் திரையையே குறைகூறுவர். ஆயின் திரையிற் குற்றமில்லை. கட்டத்தின் எண், பூச்சியத்திலிருந்து தொடங்கி, ஒரு பைற்றில் எண்ணப்பட்டது. ஒரு பைற்று 0 முதல் 255 வரையுள்ள எண்களையே கொள்ளும். திரையின் அடியிற் பழங்களை வரையும் பகுதி அவ்வெண்ணுடன் ஒன்றைக் கூட்டவே, 255 மீண்டும் 0 ஆயிற்று. ஒவ்வொன்றாகக் கழித்துப் பூச்சியத்தை அடைந்ததும் நிற்கவேண்டிய நிரல், கழிக்கத் தொடங்கும்போதே பூச்சியத்தில் நின்றமையால், 256 முறை வரைந்து திரைக்குரிய நினைவகத்தைக் கெடுத்தது. கண்ணுக்குப் புலனாயது சித்திரப் பிழை. மூலமோ எண்ணற் பிழை.

இனி, தொடக்க மாணவர் காணும் வழுக்கள் இரண்டை நோக்குவாம்.

முதலாவது மினுக்கல். பகைவர் வரிசையில் ஒருவன் சுடப்பட்டதும், அடுத்து நிற்பவன் கணப்பொழுது மறைந்து தோன்றுகின்றான். மாணவன் படக்கோப்பை மாற்றிப் பார்க்கின்றான், பயனில்லை. பட்டியலை வரிசையாக நோக்கி, இறந்தவனை நீக்கி, ஏனையோரை வரைந்து செல்லும் சுழற்சியிலேயே குற்றம் உளது. பைதனில், மூன்றாமவனை நீக்கியவுடன் நான்காமவன் மூன்றாமிடத்துக்கு நகர்கின்றான். சுழற்சியோ நான்காமிடத்துக்குச் செல்கின்றது. நகர்ந்தவன் அம்முறை வரையப்படாது விடுபடுகின்றான். நீக்கவேண்டியவரைக் குறித்துவைத்து, சுழற்சி முடிந்தபின் நீக்கினால் மினுக்கல் ஒழியும்.

இரண்டாவது வேகம். திரை ஒருமுறை வரையப்படுவதைச் சட்டகம் என்பர். சட்டகந்தோறும் 5 பிக்சல் நகர்க என எழுதப்பட்ட உருவம், செக்கனுக்கு 30 சட்டகம் வரையும் கணினியில் 150 பிக்சலும், 60 வரையும் கணினியில் 300 பிக்சலும் செல்லும். ஆதலின், வேகத்தைக் கழிந்த நேரத்தாற் பெருக்கித் தூரங் காண்க. எனினும் இங்கும் ஓர் இடர் உண்டு. செக்கனுக்கு 600 பிக்சல் செல்லும் குண்டு, கணினி தளர்ந்து 10 சட்டகமே வரையுங்கால், ஓரடியில் 60 பிக்சல் தாவும். 20 பிக்சல் தடித்த சுவரைத் தொடாமலே கடந்துவிடலாம். நேரத்தைச் செக்கனின் 60இல் ஒரு பங்காகக் கூறிட்டு, கூறுதோறும் மோதலைச் சோதித்தால், ஓரடி 10 பிக்சலே ஆகும், சுவரும் காக்கும்.

வழுவைத் தேடும் முறை எளிது. படத்துக்குப் பதிலாக வெறுஞ் செவ்வகம் ஒன்றை இடுக. வழு நீங்காதாயிற் படம் குற்றமற்றது. ஐயத்துக்குரிய மாறியின் பெறுமானத்தைத் திரையில் எழுதிக் காண்க. ஒருமுறைக்கு ஒரு மாற்றமே செய்க. பல மாற்றங்களை ஒருங்கே செய்தவன், வழு நீங்கினும் காரணத்தை அறியான். மாற்றுமுன் பழைய நிரலின் படியொன்றைப் பேணுக.

முடிவாக ஒன்று. 1978இல் வெளிவந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டில், பகைவர் குறையக் குறைய எஞ்சியோர் விரைந்தனர். வரையவேண்டியன குறைந்தமையே காரணம். அதனை ஆக்கிய தொமோஹிரோ நிஷிகாடோ அவ்விரைவை நீக்காது விட்டார். ஆட்டம் போகப்போகக் கடினமாகிச் சுவை மிகுந்தது. எனவே, மாணவர்காள், வழுவைக் கண்டதும் அஞ்சற்க. அவசரப்பட்டு மறைக்கவும் வேண்டா. காரணத்தை அறிந்தவனே, அதனை நீக்குவதா வைத்திருப்பதா எனத் தீர்மானிக்க வல்லவன்.