மார்பகப் புற்றுநோயும் குறியறிந்து தாக்கும் மருந்தும்

மலேசியப் பெண்களை மிகுதியாகப் பீடிக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே ஆகும். 2012ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டில் இடம்பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளுள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு, நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை எட்டிய பின்னரே அது கண்டறியப்பட்டது. "கட்டி வலிக்கவில்லையே" என்னும் அலட்சியமும், உடலைக் காட்டுவதற்குக் கூச்சமும், "புற்றுநோய் வந்தால் பிழைக்க வழியில்லை" என்னும் அச்சமும் பலரை வீட்டிலேயே இருத்திவிடுகின்றன. அந்த அச்சத்திற்கு இன்று இடமில்லை. இந்நோய்க்குரிய மருந்துகள் எவ்வாறு வளர்ந்துள்ளன என்பதை நாம் அறிந்துகொள்ளுதல் நலம்.

களையும் மருந்தும்

தோட்டத்தில் களைக்கு மருந்தடிப்போர் அறிந்த செய்தி ஒன்றுண்டு. நிலம் முழுவதும் மருந்து தெளித்தால் களையோடு மூடுபயிரும் கருகும். லாலான் புல் ஆங்காங்கே முளைத்திருக்குமாயின், மருந்தில் நனைத்த துணியால் அப்புல்லை மட்டும் துடைப்பதுண்டு. அப்போது களை மடியும். அருகிலுள்ள பயிர் பிழைக்கும்.

புற்றுநோய்க்குப் பல்லாண்டுகளாக அளிக்கப்பட்டு வரும் கீமோதெராப்பி மருந்து முதல்வகையைச் சார்ந்தது. விரைந்து பெருகும் உயிரணுக்களை அது அழிக்கும். புற்று அணுக்களும் விரைந்து பெருகுபவை. முடியின் வேரிலும் வாயிலும் குடலிலும் உள்ள நல்ல அணுக்களும் அத்தகையனவே. ஆதலால்தான் முடி உதிர்தலும் குமட்டலும் வாய்ப்புண்ணும் ஏற்படுகின்றன. குறியறிந்து தாக்கும் உயிரியல் மருந்தோ இரண்டாம் வகையைச் சார்ந்தது.

அணுவின் மேலுள்ள குறி

நம் உடலின் அணுக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் ஹெர்-2 என்னும் புரதம் உண்டு. "வளர்க" என்னும் கட்டளையை அணுவின் உள்ளே கொண்டுசெல்வது அதன் பணி. அளவோடு இருந்தால் தீங்கில்லை. சிலருடைய மார்பகப் புற்று அணுக்களில் இப்புரதம் அளவுகடந்து பெருகிவிடுகின்றது. கட்டளை ஓயாது ஒலிக்க, கட்டியும் வேகமாக வளர்கின்றது.

1987ஆம் ஆண்டில் டெனிஸ் சிலாமோன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 189 கட்டிகளை ஆராய்ந்து, இந்நிலை உள்ளவர்களுக்கு நோய் கடுமையாக இருப்பதைக் காட்டினர். அப்புரதத்தைத் தேடிச்சென்று பற்றிக்கொள்ளும் மருந்தாக டிராஸ்டுசுமாப் உருவாக்கப்பட்டது. 1998ஆம் ஆண்டில் ஹெர்செப்டின் என்னும் பெயரில் அமெரிக்க அரசு அதற்கு ஒப்புதல் வழங்கியது. கிருமிகளை எதிர்க்க நம் உடல் தானே உண்டாக்கும் எதிர்ப்புப் புரதத்தைப் போன்றதே இம்மருந்து. உயிருள்ள அணுக்களை வளர்த்து அவற்றின் வாயிலாகச் செய்யப்படுவதால் உயிரியல் மருந்து எனப்படுகின்றது. இது புற்று அணுவின் மேலுள்ள ஹெர்-2 புரதத்தைப் பற்றி, வளர்ச்சிக் கட்டளையைத் தடுக்கின்றது. உடலின் காவல் அணுக்களையும் அவ்விடத்திற்கு அழைக்கின்றது.

தொடக்கக் கட்டத்தில் அறுவைச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கீமோதெராப்பியோடு இதனையும் அளித்தபோது, நோய் திரும்புவது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2005ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆய்வுகள் மெய்ப்பித்தன.

எல்லாருக்கும் ஒரே மருந்தா?

அன்று. மார்பகப் புற்றுநோயாளர் நூற்றுவருள் ஏறத்தாழ 15 முதல் 20 பேருக்கே ஹெர்-2 மிகுந்திருக்கும். குறியில்லாத கட்டிக்கு இம்மருந்து பயன் தராது. ஏறத்தாழ 70 பேரின் கட்டிகள் பெண்மைச் சுரப்பு நீரால் வளர்பவை. அவர்களுக்குத் தமோக்சிபென் போன்ற மாத்திரைகள் உதவுகின்றன. அவற்றைப் பல ஆண்டுகள் விடாமல் உட்கொள்ளுதல் வேண்டும். சிலருடைய கட்டியில் இவ்விரு குறிகளும் காணப்படும். சிலருக்கு இரண்டுமே இரா.

ஆகவேதான் மருத்துவர் கட்டியிலிருந்து சிறு தசையை ஊசியால் எடுத்துச் சோதனைக்கு அனுப்புகின்றார். ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்று அஞ்சி இதனை மறுப்போர் உளர். மறுத்தால் எம்மருந்து தக்கது என்பதை அறியவே இயலாது. "பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குக் கொடுத்த மருந்தை எனக்கு ஏன் தரவில்லை?" என்று வருந்துவதும் வேண்டா. நோயின் பெயர் ஒன்றாயினும் கட்டியின் தன்மை வேறு.

சிகிச்சை பெறும் முறை

டிராஸ்டுசுமாப் பொதுவாக மூன்று வாரத்திற்கு ஒருமுறை, நரம்பின் வழியாகவோ தோலின் கீழோ செலுத்தப்படும். தொடக்கக் கட்ட நோய்க்குச் சிகிச்சை வழக்கமாக ஓராண்டு நீடிக்கும். முதல்முறை குளிர்காய்ச்சல் வரக்கூடும். சிலருக்கு இதயத்தின் வலிமை குறைவதால், சிகிச்சைக்கு முன்னும் இடையிலும் இதயத்தைச் சோதிப்பர். மூச்சுத்திணறலோ கால் வீக்கமோ கண்டால் உடனே தெரிவித்தல் வேண்டும். கருவுற்றிருப்போர் அதனை மறைத்தல் ஆகாது.

இம்மருந்தின் விலை மிகுதியாக இருந்ததே பலருக்குத் தடையாயிற்று. 2015ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டில் இதற்கு நிகரான, விலை குறைந்த மருந்தொன்றையும் அந்நிறுவனம் ஏற்றது. செலவைக் குறித்துக் கவலை உள்ளவர்கள், சிகிச்சையைக் கைவிடுமுன் அரசாங்க மருத்துவமனையின் மருத்துவச் சமூகநல அதிகாரியைக் காண்பது நன்று.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும், வலி இல்லாவிடினும், சுகாதார நிலையத்திற்குச் செல்க.

2. தசைச் சோதனையை மறுக்காதீர். "என் கட்டியில் ஹெர்-2 உண்டா? சுரப்பு நீர்க் குறி உண்டா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவ்விடையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

3. கட்டி கரைந்ததென எண்ணி மருந்தை இடையில் நிறுத்தாதீர். எண்ணெய்ப் பூச்சையும் பச்சிலையையும் நம்பி மாதங்களைக் கழிக்காதீர்.

4. ஆடவர்க்கும் இதில் கடமை உண்டு. மனைவியோ தாயோ மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் உடன் செல்லுங்கள். வீட்டு வேலையையும் பிள்ளைகளையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

குறியறிந்து தாக்கும் மருந்து இன்று நம்மிடம் உண்டு. எனினும், நோயாளி காலத்தே வந்தால்தான் அது முழுப்பயன் அளிக்கும். சிறு கட்டியாய் இருக்கும்போதே மருத்துவரை நாடுவது உயிரைக் காக்கும்.