காத்திருப்பை ஆலை முடித்துவிட்டது

அன்புள்ள தம்பி,

ஒயின் பரிமாறும் தொழிலுக்கு வந்திருக்கிறாய். "அதிகச் செலவில்லாமல் நல்லதாக ஒன்று சொல்லுங்கள்" என்று விருந்தினர் கேட்கும்போது, பட்டியலில் ஸ்பெயின் பக்கத்தைக் காட்ட உனக்குத் தயக்கம் வரலாம். மலிவானது மட்டமாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் இத்தொழிலில் ஊறிப்போனது. அதை விட்டுவிடு. அன்றாடம் சாப்பாட்டோடு ஒரு கோப்பை அருந்துபவருக்கு ஸ்பெயின் தருவது குறைந்த விலை மட்டுமன்று. அவர் காத்திருக்க வேண்டிய காலத்தையும் ஒயின் ஆலையே காத்திருந்து முடித்துவிடுகிறது.

ஸ்பெயினின் ரியோகா வட்டார விதிகளைப் பார். சிவப்பு ஒயினின் முத்திரையில் கிரியான்சா என்று எழுத 2 ஆண்டு முதிர வேண்டும், அதில் ஓராண்டாவது ஓக் பீப்பாயில். ரெசர்வாவுக்கு 3 ஆண்டு, கிரான் ரெசர்வாவுக்கு 5. பிரான்சில் போர்தோவின் பெரிய பண்ணைகளோ ஒயின் பீப்பாயில் இருக்கும்போதே விலைபேசிவிடுகின்றன. வாங்கியவர்தான் வைத்துக் காக்க வேண்டும். நிலவறையோ பொறுமையோ இல்லாத வீட்டுக்கு எது பொருந்தும் என்று நீயே யோசி. ஹெரேஸின் ஃபினோ என்ற ஷெரி ஒயினும் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்த பிறகே வெளிவருகிறது. நுரைக்கும் ஒயினான காவா 9 மாதம் குப்பிக்குள் ஈஸ்ட் வண்டலோடு கிடக்கிறது. ஷாம்பெயினுக்கு விதித்த 15 மாதத்தைவிட இது குறைவுதான், ஆனாலும் குப்பிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைக்கும் அதே முறை.

இவ்வளவு செய்தும் விலை ஏறாததற்குக் காரணம் நிலத்திலும் வரலாற்றிலும் இருக்கிறது. உலகிலேயே அதிகப் பரப்பில், 9 லட்சம் ஹெக்டேருக்கு மேல், திராட்சை வளரும் நாடு ஸ்பெயின். லா மாஞ்சா போன்ற வறண்ட மேட்டுநிலத்தில் பூஞ்சை நோய் குறைவு, மருந்துச் செலவும் குறைவு. பல ஊர்களில் விவசாயிகளின் கூட்டுறவு ஆலைகளே ஒயின் செய்கின்றன. பெயருக்காகக் கூடுதல் காசு வாங்கும் வழக்கம் பெரும்பாலான ஊர்களுக்கு இன்னும் வரவில்லை.

ஓக் வாசனை பழத்தை மறைக்கிறது என்பார்கள். அமெரிக்க ஓக்கின் வெனிலா மணம் சில ரியோகாக்களில் தூக்கலாக இருப்பது உண்மைதான். அந்த மணம் பிடிக்காதவருக்கு, பீப்பாய் படாத காம்போ தெ போர்ஹா வட்டாரத்துக் கார்னாச்சா திராட்சை ஒயினையோ ஹூமிய்யா வட்டாரத்து மொனாஸ்த்ரெல் திராட்சை ஒயினையோ ஊற்று. முத்திரை சொல்வது காலத்தை, தரத்தையல்ல என்ற வாதமும் சரியே; ஆகவே ருசி பார்க்காமல் எந்த ரெசர்வாவையும் பரிந்துரைக்காதே. என்னை உறுத்தும் கேள்வி வேறு: இந்த மலிவின் சுமை யார் தலையில் விழுகிறது? 1986-இல் ஐரோப்பியச் சமூகத்தில் ஸ்பெயின் சேர்ந்த பின், உபரியைக் குறைப்பதற்காகக் கொடியைப் பிடுங்குவோருக்கு மானியம் கிடைத்தது. விளைச்சல் குறைந்த முதிய கார்னாச்சாக் கொடிகளும் அப்படிப் போயின. திராட்சைக்கு நல்ல விலை கிடைத்திருந்தால் விவசாயி அவற்றை விட்டுக்கொடுத்திருக்கமாட்டார். அதனால் பட்டியலின் அடிமட்ட விலையை விட்டு ஒரு படி மேலே சொல். முதிய கொடியின் ஒயின் அந்தப் படியிலும் கிடைக்கிறது, அன்றாடச் செலவுக்கும் அது அடங்கும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. பீப்பாயில் ஃபினோவைக் காற்றுப் படாமல் காத்தது அதன்மேல் படர்ந்த ஈஸ்ட் ஆடை. குப்பிக்குள் அந்த ஆடை இல்லை. ஆகவே ஃபினோவை நன்றாகக் குளிரவைத்துக் கொடு. திறந்ததைச் சில நாளுக்குள் தீர்த்துவிடு.

அன்புடன்,
உன் தொழிலில் மூத்தவன்